காய்ந்ததும் வரும் மகாராணி

படகுத் துறையில் அவளை எல்லோரும் வைரம் என்றுதான் கூப்பிடுவார்கள். வெயிலில் வெளிறி, தொட்டால் கையில் சுண்ணாம்புபோல் ஒட்டும் ஃபைபர் படகுகளைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும்படி ஆக்குகிறவள் என்பதால் வந்த பெயர். ஊரார் படகைத் தேய்க்கவே பொழுது போதாமல், சொந்தப் படகு மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது.

அந்தப் படகைக் கணவனும் அவன் அண்ணனும் சேர்ந்து வாங்கினார்கள். பெயர் வைக்கும்போது அவளை யாரும் கேட்கவில்லை. அண்ணன் மனைவிக்கு வீட்டில் மகாராணி என்று பட்டம். அதையே பக்கவாட்டில் பெரிதாக ஒட்டிவிட்டார்கள். அந்த மகாராணி ஒரு நாளாவது படகின்மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருப்பாளா? மூச்! அழுக்கும் பாசியும் சுரண்டியது எல்லாம் வைரம்தான்.

இப்போது அண்ணன் பிரிந்து போய்விட்டான், படகு இவர்களுக்கு என்றாகிவிட்டது. "இனிமே உன் பேருதான்," என்றான் கணவன். ஞாயிற்றுக்கிழமை காலை கிரேன் வந்து தண்ணீரில் இறக்கும். அதற்குள் மகாராணி போய் வைரம் வந்துவிட வேண்டும். இத்தனை வருட வாழ்க்கையில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான்.

ஸ்டிக்கரை உரித்தாள். எழுத்து போகவில்லை. சுற்றிலும் வெளுத்திருக்க, ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் புது நீலமாக, முன்னைவிடத் தெளிவாக மகாராணி என்று நின்றது. இதை எத்தனையோ படகில் பார்த்தவள்தான். மற்றவர் படகென்றால் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்துப் போட்டு மேல்பூச்சை மெல்லத் தேய்த்து இறக்கி, அப்புறம்தான் பாலிஷ் காம்பவுண்டைத் தொடுவாள். சொந்தப் படகென்றதும் அவசரம் புத்தியைத் தின்றுவிட்டது. நேரே காம்பவுண்டை அப்பி பாலிஷ் மிஷினை ஓட்டினாள். தண்ணீர் அடித்துக் கழுவினாள். பெயரைக் காணோம்!

"போயிருச்சு!" என்று கணவன் போனில் படம் பிடித்தான்.

"காயட்டுங்க, அவசரப்படாதீங்க."

அவன் எங்கே கேட்டான்? அதற்குள் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் படத்தை அனுப்பியாகிவிட்டது. ஈரத்தில் எந்தக் கிழட்டுப் படகும் குமரிதான். தண்ணீர் காயக் காய முதலில் ணி வந்தது, பிறகு ரா, அப்புறம் மகாராணி மொத்தமாக வந்து உட்கார்ந்துகொண்டாள். அதே நேரம் ஓரகத்தியிடமிருந்து பதிலும் வந்தது: "அடடா, என் பேரு போயிருச்சா? ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாக்கறேன்."

வைரத்துக்கு வயிறு எரிந்தது. யார்மேலோ இருந்த கோபத்தை மிஷின்மேல் காட்டி, ம இருந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்தாள். கருகல் வாடை வந்தது. எடுத்துப் பார்த்தால் மேல்பூச்சு தேய்ந்து உள்ளங்கை அகலத்துக்கு அடிப்பூச்சு தெரிந்தது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் செய்தால் அவளே திட்டித் தீர்க்கும் தப்பு. தலையில் அடித்துக்கொண்டாள்.

"விடு, அதுக்கு மேலயே உன் பேரை ஒட்டிடலாம்," என்றான் கணவன்.

"என் பேரு சின்னது. அவ ரெண்டு பக்கமும் எட்டிப் பாப்பா."

மறுபடி முதலிலிருந்து. வாட்டர் பேப்பர், தண்ணீர், இன்னும் மெல்லிய பேப்பர், காம்பவுண்ட். தேய்த்தாள், காயவிட்டாள், வெயிலில் சாய்ந்து நின்று பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தேய்த்தாள். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. சனிக்கிழமை சாயங்காலம் படகு நன்றாகக் காய்ந்திருந்தும் எழுத்து எதுவும் எழுந்து வரவில்லை. மெழுகு பூசித் துடைத்து, தேய்ந்த இடத்தை வை என்ற எழுத்து மூடும்படி தன் பெயரை ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி வந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், விரலால் தடவினாள். "எங்க இருந்துச்சுன்னே தெரியலையே," என்றபோது முகம் சுருங்கிவிட்டது. வைரத்துக்கு மனசு குளிர்ந்தது.

கிரேன் படகைத் தூக்கியது. கணவன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடினான்.

"அண்ணே, பாத்து, பாத்து! நம்ம மகாராணியை மெதுவா இறக்குங்க!"

ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வைரம் கீழே கிடந்த மிஷினைக் கையில் எடுத்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. வாயைத் தொறங்க."