பனிமலைக்குப் போன வடிச்ச சோறு

நான் தாஜ்மகாலுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆக்ராவில் பஸ் நிறுத்துகிற இடத்தில் எந்த மூலையில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்று என்னிடம் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மைசூர் அரண்மனை என்றால் எனக்கு அதற்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு வேப்பமரம். அதன் அடியில்தான் அடுப்பு வைத்தேன். டூர் சமையல்காரிக்கு ஊர்கள் இப்படித்தான் தெரியும்.

வருஷத்தில் பதினோரு மாதம் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை. காயத்துக்குக் கட்டுகிற துணியை வெட்டி, மடித்து, கட்டுக் கட்டாக அடுக்குவோம். மே மாதம் லீவு போட்டுவிட்டு, ஊர் ஆட்களை டூர் கூட்டிப்போகிற தம்பியோடு சமையலுக்குக் கிளம்பிவிடுவேன். எங்கள் பக்கத்து ஆட்கள் உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் மத்தியானம் சோறு, குழம்பு, ரசம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முகம் செத்துப்போகும். அதனால் அண்டா, அரிசி மூட்டை, புளி, வற்றல், கடைசியில் நான் என்று எல்லாம் ஒன்றாக ரயில் ஏறுவோம். எல்லோரும் சுற்றிப் பார்க்கிற நேரம்தான் சமையல் நேரம். திரும்பி வந்து இலை முன்னால் உட்கார்ந்து, "யக்கா, நீங்க பாத்திருக்கணும்!" என்பார்கள். ரசத்தை ஊற்றிக்கொண்டே "அப்பிடியா" என்பேன்.

தாஜ்மகாலைப் பார்க்காததில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. பனிமலையைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் உள்ளே ஒரு வீம்பாகவே இருந்தது. காரணம் என் வீட்டுக்காரர்.

அவர் இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அதில் பாதிக்கு மேல் பனிமலையில். லீவில் வரும்போதெல்லாம் தெருவே வந்து உட்காரும். "மாமா, பனி எப்பிடி இருக்கும்?" என்று கேட்பார்கள். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "வெள்ளையா இருக்கும்" என்பார். அம்புட்டுதான். சேத்தூரில் எவனோ வரப்பை அரை அடி தள்ளி வெட்டிவிட்டான் என்றால் அதை இரண்டு மணி நேரம் பேசுகிற மனுஷர். பனியைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரு வார்த்தை. நான் தனியாக இருக்கும்போதும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அதே வெள்ளை.

இவளுக்குச் சொன்னால் என்ன புரியப்போகிறது என்று நினைக்கிறாரோ? கல்யாணமாகி முப்பது வருஷமும் இந்தச் சந்தேகம் எனக்கு உண்டு. கோபமும் உண்டு. அவர் ஆயுசில் பாதியை எந்த இடம் வாங்கிக்கொண்டதோ அந்த இடம் எனக்குத் தெரியாது என்பது என்ன நியாயம்?

போன வருஷம் டூர்க்காரத் தம்பி இமாச்சலத்துக்கு நோட்டீஸ் அடித்தார். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பத்து போட்டிருந்தது. சிம்லா, குஃப்ரி, மணாலி, தேவதாரு மரங்களுக்கு நடுவே மரத்தாலேயே கட்டிய கோயில், மலையைக் குடைந்த சுரங்கப்பாதை, அதற்கு அந்தப் பக்கம் பனி, திரும்புகிற வழியில் மணிகரன் வெந்நீர் ஊற்று. நான் ஒன்பதாவது இடத்தில் விரல் வைத்தேன்.

"தம்பி, இந்தப் பனிக்குப் போற அன்னைக்கு நானும் பஸ்ல ஏறுவேன். சோத்தக் கட்டிக் குடுத்துட்டுத்தான் ஏறுவேன். சம்மதம்னா சொல்லுங்க, இல்லன்னா வேற ஆளப் பாருங்க."

"சத்தியமா கூட்டிட்டுப் போறேன் யக்கா" என்றார்.

பெட்டி கட்டும்போது வீட்டுக்காரர் தன் பழைய கம்பளிக் கையுறையைக் கொண்டுவந்து கொடுத்தார். "அதப் பாத்தா ஓன் வாய் தானா மூடும், பாரு" என்றார்.

"என் வாய மூட எந்த மலைக்கும் துணிச்சல் கெடையாது" என்றேன்.

இந்த இடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். டூரில் வந்த முப்பது பேரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. அந்தப் பாதிக்கு இவர்தான் தலைவி. கிளம்புவதற்கு முன்பே டூர்க்காரத் தம்பியைக் கூப்பிட்டு, "குக்கர்ல வச்ச சோறு எங்களுக்கு ஆகாது. கஞ்சி அம்புட்டும் உள்ளயே நின்னுரும், சக்கர ஏறிரும். வடிச்ச சோறுதான் வேணும், அதுவும் புழுங்கலரிசி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெரிய குக்கர் இரண்டும் ஊரிலேயே நின்றுவிட்டன. நானும் ஆமாம் போட்டேன். எனக்கும் குக்கர் சோறு என்றால் இளக்காரம்தான். சோறு என்றால் வடிக்க வேண்டும்.

சிம்லாவில் நான் பார்த்தது விடுதிக்குப் பின்னால் பாசி பிடித்த ஒரு சுவர், அதன் மேல் என் கத்தரிக்காயைக் குறி வைத்து உட்கார்ந்திருந்த நாலு குரங்கு. நோட்டீஸின் முதல் ஐந்து இடங்களும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தன. பஸ் மலைப் பாதையில் போகும்போது மட்டும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். கீழே பார்த்தால் ஆறு ஒரு நூலாகத் தெரிந்தது. மேலே பார்த்தால் மேகம் மூடிக் கிடந்தது. பரவாயில்லை, நமக்கு ஒன்பதாவது இடம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மணாலிக்கும் மேலே ஒரு கிராமத்து விடுதியில் தங்கினோம். பனிக்குப் போகிற அன்று, விடிவதற்கு முன்பே அடுப்பைப் பற்ற வைத்தேன். குளிரில் கேஸ் அடுப்பு சோம்பேறியாக எரிந்தது. உலை கொதித்ததும் அரிசியைப் போட்டுவிட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். இது என் வழக்கம். பிள்ளைகள், அக்கம்பக்கம், கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லி ஜெபித்து முடித்துக் கண்ணைத் திறந்தால் ஊரில் புழுங்கலரிசி பதமாக வெந்திருக்கும். கடிகாரமே வேண்டாம். அன்றைக்கும் முடித்து எழுந்து, கையுறையைக் கழற்றி ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தேன். விரல் மரத்துப்போயிருந்தது. நசுங்கின மாதிரிதான் இருந்தது. அண்டா வாயில் எங்கள் கம்பெனி பேண்டேஜ் துணியைக் கட்டிச் சாய்த்து, கஞ்சியைச் சொட்டு விடாமல் வடித்தேன்.

டீச்சர்தான் முதலில் ஒரு வாய் போட்டுப் பார்த்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"ஏம்மா, நடுவுல கல்லா கெடக்கே?"

வெளியே வெந்து உள்ளே விறைத்துக் கிடந்தது அத்தனை சோறும். உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுமாம், ஆனால் அந்தக் கொதிக்குச் சூடு போதாதாம். குக்கர் என்றால் வெந்திருக்குமாம். பொறவு ஒருத்தர் விளக்கினார். எனக்கு அது அப்போது தெரியாது. முப்பது வருஷமாகச் சோறு வடிக்கிற கை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிற வாய். வெட்கத்தில் எனக்குக் குளிர்கூட விட்டுப்போனது.

டூர்க்காரத் தம்பி தலையைச் சொறிந்தார். "யக்கா, இப்ப ரொட்டியும் ஜாமும் குடுத்துச் சமாளிச்சிருதேன். ஆனா பனியில ஆடிட்டு வந்தா எல்லாரும் கொலப் பசியில இருப்பாக. நீங்க செத்த இருந்து இதச் சரி பண்ணிருங்களேன்."

சத்தியத்தை நினைவுபடுத்தியிருக்கலாம். வாய் வரவில்லை. தப்பு என்னுடையது. பஸ் போய்விட்டது.

மறுபடி தண்ணீர் ஊற்றி, மறுபடி கொதிக்க வைத்து, கேஸ் முக்கால்வாசி தீர்ந்த பிறகு சோறு ஒரு வழிக்கு வந்தது. நாள் முழுக்க மேகம் விலகவில்லை. மலை இருக்கிற இடத்தில் அழுக்குப் பஞ்சு மாதிரி என்னவோ நின்றது. அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சாயங்காலம் எல்லோரும் கன்னம் சிவந்து, உதடு வெடித்து வந்தார்கள். வழக்கமாகச் சொல்கிற அந்த "நீங்க பாத்திருக்கணும்" என்பதை அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்காரர் போன் செய்தார். "பாத்தியா?"

"இல்ல. சோறு வேகல."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சரி, சாப்புட்டுப் படு" என்றார்.

மறுநாள் கீழே இறங்கினோம். நோட்டீஸில் மிச்சம் இருந்தது மணிகரன் மட்டும்தான். அங்கே பனி கிடையாது, வெந்நீர்தான் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. இருந்த கேஸ் குழம்புக்குத்தான் காணும், சோற்றுக்குக் காணாது என்பதுதான் என் கவலை. பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். பஸ்ஸிலேயே அரிசியைக் களைந்து ஊறப் போட்டுவிட்டேன். எப்படி வேக வைப்பேன் என்றுதான் தெரியவில்லை.

இறங்கியதும் முதலில் தெரிந்தது சத்தம். பார்வதி என்று பெயராம் அந்த ஆற்றுக்கு. பால் நிறத்தில், பாறைகளை மோதிக்கொண்டு, பேச்சே கேட்காதபடி ஓடியது. கையை வைத்தால் எலும்பு வரை வலிக்கிற குளிர்ந்த தண்ணீர். அதன் கரையில், பத்தடி தூரத்தில், பாறை இடுக்கிலிருந்து ஆவி வந்தது. குருத்வாராவை ஒட்டி ஒரு தொட்டி. அதில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கீழே அடுப்பு இல்லை. விறகு இல்லை. தீயே இல்லை. பூமி தானாகக் கொதித்தது.

கம்பியில் நூல் கட்டி, சிறு சிறு துணி முடிச்சுகளை ஜனங்கள் அந்தத் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே அரிசி! நான் அப்படியே நின்றுவிட்டேன். வாழ்க்கை பூராவும் அடுப்போடு மல்லுக்கட்டினவளுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கையெடுத்துக் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த கர்த்தரைத்தான். இதைச் செய்து வைத்தவர் அவர்தானே.

பஸ்ஸுக்கு ஓடிப்போய் பேண்டேஜ் துணிச் சுருளை எடுத்து வந்தேன். பதினைந்து துண்டாகக் கிழித்து, ஊறின அரிசியைத் தளர்வாக முடிந்தேன். நீலத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். துணியை விரலால் நிமிண்டிப் பார்த்து, நல்ல துணி என்று தலையை ஆட்டினார். புண்ணுக்குக் கட்ட நெய்த துணி ஐயா என்று அவருக்கு எப்படிச் சொல்வது? பதினைந்து முடிச்சையும் அவரே வரிசையாகக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். கைக்கடிகாரத்தைக் காட்டினார். அரை மணி நேரம்.

வழக்கம்போல அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்திரி. போய்ச் சுத்திப் பாரு."

"சோறு டீச்சர்..."

"கிண்ட வேணாம், தீயக் கொறைக்க வேணாம். நீ இங்க இருந்து என்ன செய்யப்போற? நான் பாத்துக்கிடுதேன். நேத்து உன்ன விட்டுட்டுப் போனது எனக்கு நெஞ்சுல முள்ளா கெடக்கும்மா. குக்கர் வேணாம்னு சொன்ன வாயி என் வாயிதானே. போ."

உலையில் அரிசியைப் போட்டுவிட்டு நான் எழுந்து போனது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. எங்கே போவது என்றுகூடத் தெரியவில்லை. கை சும்மா இருந்தது. ஆற்றுப் பாலத்தின் நடுவில் போய் நின்றேன். இரண்டு பக்கமும் கறுத்த தேவதாரு மரங்கள் செங்குத்தாக ஏறிப் போயின. பள்ளத்தாக்கின் முடிவில் வழக்கம்போல மேகம்.

மேகம் நகர்ந்தது. அதில் ஒரு பகுதி மட்டும் நகரவில்லை.

எங்கள் ஊரில் மேற்கே எப்போதும் மலை உண்டு. செண்பகத்தோப்புப் பக்கம் போய் நின்றால் காலடியிலிருந்தே அது ஏறும். ஆனாலும் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் வானம். இங்கே நான் வானம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் மலை இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்துக்கு மேலே இன்னும் இருந்தது. கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தேன். வெயில் பட்ட இடத்தில் கண் கூசியது. அவ்வளவு பெரியது, இத்தனை நாளும் மேகத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. நான் பாசிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும், அண்டா பக்கத்தில் அழுதபோதும் இருந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எடுத்தார்.

"ஏட்டி."

சொல்ல வேண்டும். எம்புட்டோ சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"ஏட்டி, லைன்ல இருக்கியா?"

இருக்கிறேன். அதைச் சொல்லவும் முடியவில்லை.

கொஞ்ச நேரம் அவர் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். "ஆத்துச் சத்தம் கேக்கு" என்றார், மெதுவாக. பிறகு அவரும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை. அவர் பேசாமல் இருந்து பார்த்திருக்கிறேன். நானும் சேர்ந்து பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், டீச்சர் கரையிலிருந்து "வெந்துருச்சும்மா!" என்று கத்தும் வரைக்கும்.

சோறு பூவாக வெந்திருந்தது. கஞ்சி முழுக்க ஊற்றோடு போயிருந்தது. வடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். நீலத் தலைப்பாகைப் பெரியவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு டப்பா கொடுத்தேன். அங்கேயே திறந்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

ஊர் வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் தெருப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் எதையும் விட மாட்டேன், குரங்கு கத்தரிக்காய் தின்றதைக்கூட நடித்துக் காட்டுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். குரங்கைச் சொன்னேன். வேகாத சோற்றைச் சொன்னேன். தீயில்லாமல் கொதிக்கிற தண்ணீரைச் சொன்னேன். எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். கடைசியில் எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

"பனிமலையப் பாத்தியளா மதினி? எப்பிடி இருந்துச்சு?"

வாயைத் திறந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

"வெள்ளையா இருந்துச்சு" என்றேன்.

உள்ளே நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன்லா" என்றார்.