மூடிக்குள் எழுதிய நம்பர்

அவள் என்னை விட்டுப் போன பிறகு சுமார் மூன்று மாதம், காலையில் கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது செல்போனின் மேல் மூலையைத்தான். அங்கே கோடுகள் தெரிந்தால் அன்றைக்கு நம்பர் என்னிடம் இருக்கிறது. தெரியவில்லை என்றால் அவள் கடைக்குப் போய்க் கட்டைவிரலை வைத்து, அதே நம்பருக்குப் புது சிம் வாங்கிவிட்டாள் என்று அர்த்தம். பட்டினப்பாக்கத்தில் என் அறைக்குள் சில நேரம் சும்மாவே சிக்னல் போய்விடும். அப்போதெல்லாம் சட்டைகூடப் போடாமல் தெருவுக்கு ஓடியிருக்கிறேன்.

நம்பர் அவள் பேரில் இருந்தது. என் பிழைப்பு அந்த நம்பரில் இருந்தது.

அடுக்குமாடி வீடுகளில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது என் வேலை. தரைக்குக் கீழே இருக்கும் சம்ப், மொட்டை மாடியில் இருக்கும் தொட்டி, இரண்டும் கழுவுவேன். வேலை முடிந்ததும் மூடியைத் திருப்பிப் போட்டு, உட்பக்கத்தில் சிவப்புப் பெயின்டால் தேதியும் நம்பரும் எழுதுவேன். அச்சடித்த அட்டை கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள். சுவரில் எழுதினால் வெள்ளையடித்துவிடுவார்கள். மூடி எங்கேயும் போகாது. தண்ணீர் நாறினால் வாட்ச்மேன் முதலில் திறப்பது அதைத்தான். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான், ஆனால் எண்கள் அழகாக வரும். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் ஆற்றைத் தாண்டி அடையாறிலும் எத்தனை மூடிகளுக்குள் அந்தப் பத்து எண்கள் இருக்கின்றன என்று எனக்கே தெரியாது.

ப்ளீச்சிங் பவுடர் என் விரல்களில் இருந்த ரேகையைத் தின்றுவிட்டது. சிம் வாங்கப் போன அன்று கடைக்காரப் பையன் என் கட்டைவிரலை மெஷினில் அழுத்தி அழுத்திப் பார்த்தான். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"இன்னாண்ணே, ஒரு கோடுகூட இல்ல? நீ திருடப் போனா போலீஸ் மாட்டிக்கும்ணே, நீ மாட்ட மாட்ட" என்றான்.

எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட வந்த அவள் என்னைத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்தாள். பச்சை எரிந்தது. யார் பேரில் இருந்தால் என்ன என்று அன்றைக்கு இருவருமே நினைத்தோம்.

போனில் பேசியதும் அவள்தான். முகம் தெரியாதவர்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. நான் தொட்டிக்குள் இறங்கி நிற்பேன். அவள் மேலே நின்று அடுத்த வேலைக்கு நாள் குறித்துக்கொண்டிருப்பாள். "நாளைக்கா? நாளைக்கு முடியாதுங்கம்மா. புதன்கிழமை காலைல தண்ணி புடிச்சு வெச்சுக்கினு மோட்டார ஆஃப் பண்ணிடுங்க." அவள் குரல் மூடித் துளை வழியாக உள்ளே வந்து சுவரில் மோதிச் சுற்றும்.

பதினோரு வருடம் சேர்ந்திருந்தோம். தாலி கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ளலாம் என்று இருவருமே சொல்லிக்கொண்டிருந்தோம், நாள் மட்டும் பார்க்கவில்லை. அவள் சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை. "உன்னாண்ட பேசறதும் செவுத்தாண்ட பேசறதும் ஒண்ணுதான்யா. எனக்கு வயசாவுது" என்று சொல்லிவிட்டு, பெசன்ட் நகர் பக்கம் குப்பத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். கிரைண்டர், பீரோ, குக்கர் எல்லாவற்றையும் நானே தட்டு வண்டியில் ஏற்றினேன். ஃபேனைக் கூட நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக் கொடுத்தேன். எதற்கும் நாங்கள் வாதாடவில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அந்த சிம்ம குடுத்துடு. மாமாவுக்கு கம்பெனில வேல போச்சு. அவரு தொட்டி கழுவப் போறாரு."

"மூடில எழுதிக்கீதே" என்றேன்.

"எழுதினா உன்னுதா? ஆதார் யாருது? பேசினது யாரு?"

"கழுவினது நான்."

"கழுவ ஆள் கெடைக்கும்யா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அன்றைக்குத்தான் கோடு பார்க்கும் வியாதி பிடித்தது. தொட்டிக்குள் இறங்கும்போது போனை மேலே வைத்துவிட்டு இறங்குவேன். பாதியில் ஏறி வந்து பார்ப்பேன். வாட்ச்மேன் ஒருவர், "லவ்வா நைனா, இந்த வயசுல?" என்று கேட்டார்.

நம்பர் போய்விடுமோ என்று பயந்தவன், மணி அடித்தால் அதை எடுக்கவும் பயந்தேன். பாதி அழைப்புகள் அடித்து ஓய்ந்துவிடும். தைரியமாக எடுத்த ஒன்று மயிலாப்பூரிலிருந்து வந்தது. மாடவீதிப் பக்கம் ஒரு வயதான அம்மா.

"எங்காத்துல தண்ணி ஒரே வாடை அடிக்கறதுப்பா. எப்போ வரேள்?"

நான் "வரேன்மா" என்றேன்.

"அதான் எப்போ?"

எனக்கு நாள் சொல்ல வரவில்லை. எந்த நாள் காலி என்பது அவள் தலைக்குள்தான் இருந்தது.

"ஏம்ப்பா, முழுங்கிண்டே பேசினா எனக்கென்ன தெரியும்? அவகிட்ட குடேன் போனை."

"ஊருக்குப் போயிருக்காங்கம்மா."

"போன மாசமும் இதையேதான் சொன்னே."

அந்த அம்மா வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். மறுவாரம் அந்தத் தெருவில் போனபோது தெரிந்தது. வாசலில் வேறு யாருடையதோ வாளியும் குழாயும் இருந்தன. நம்பர் என் கையில் இருக்கும்போதே என்னிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

நானாகவே அவளுக்குப் போன் செய்தேன். பேச வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு, மந்தைவெளி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் செய்தேன். "என் பேருக்கு மாத்திக் குடு. அந்த ஒண்ணு மட்டும் குடு."

"அடுத்த வாரம் வியாழக்கெழம அடையாறு சிம் கடைக்கு வா. உன் வெரல் விழுந்துச்சுன்னா எடுத்துக்கோ" என்றாள்.

பத்து நாள் ப்ளீச்சிங் பவுடரைத் தொடவில்லை. வந்த இரண்டு வேலைகளையும் தள்ளிப் போட்டேன். விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஏதோ கோடு மாதிரி தெரிந்தது. இருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

கடையில் ஏசி குளிர் அடித்தது. அவள் எனக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சமையல் வேலை செய்யும் வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வந்திருந்தாள். கவுன்டரில் இருந்த பெண் முதலில் அவள் விரலை வாங்கினாள். பச்சை. பிறகு என் வலது கட்டைவிரல். சிவப்பு. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள். சிவப்பு. இடது கை. ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல். ஒவ்வொன்றுக்கும் மெஷின் கொஞ்சம் யோசித்தது. அவள் எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். கடைசியில் சுண்டுவிரல். அதுவும் சிவப்பு.

"வரலண்ணா. ஆதார் சென்டர்ல புதுப்பிச்சுட்டு வாங்க" என்றாள் கவுன்டர் பெண்.

"ரெண்டு வாட்டி போய்ட்டேன்மா" என்றேன். "அங்கயும் வரல."

பக்கத்தில் நின்றவள் என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விட்டுவிட்டாள். கவுன்டர் பெண்ணிடம், "நம்பர் என் பேர்லயே கெடக்கட்டும். இவருக்கு ஒரு புது சிம் குடும்மா" என்றாள். அதற்கும் விரல் கேட்டார்கள். தன் விரலையே வைத்தாள். பழைய சிம்மை நான்தான் போனிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அது கைநழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவள் அவள்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம்.

"இன்னா, அழுதுடுவ போல கீதே" என்றாள். "கேளு. மாமாவுக்கு மொழங்கால் வலி. அந்தாள அவ்ளோ தூரம் அனுப்ப முடியாது. ஆத்துக்கு இந்தாண்ட வர வேல அவருக்கு. அந்தாண்ட வர வேல உனக்கு. நான் பேசி நாள் வெச்சு உனக்கு போன் பண்றேன். நீ போய்க் கழுவு. அவ்ளோதான்."

எனக்கு உடனே கோட்டூர்புரம்தான் ஞாபகம் வந்தது. அங்கே மூன்று பெரிய கட்டடங்கள். தொட்டி பெரியது, ஆட்கள் நல்லவர்கள். எட்டு வருடமாக நான்தான் கழுவுகிறேன். ஆனால் அது ஆற்றுக்கு அவள் பக்கம்.

"கோட்டூர்புரம் எனக்கு" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஓரமாகப் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அது எங்க சைடு."

"பாலத்தாண்டதான கீது. எறங்குனா நந்தனம். அங்க மூணாவது கட்டடத்துல படி கெடையாது, கயிறு கட்டித்தான் எறங்கணும். உங்க மாமா மொழங்கால வெச்சுக்கினு எப்டி எறங்குவாரு? அந்த செக்ரட்டரி சாருக்கு ஒம்பது மணிக்குள்ள தண்ணி வுடணும். எனக்குத்தான் தெரியும். எனக்குத்தான்."

அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "இவ்ளோ பேச்சு எங்கய்யா வெச்சிருந்த? இதுல பாதி வூட்ல பேசியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். ஆட்டோ வந்தது. ஏறி ஓரமாக இடம் பிடித்துக்கொண்டாள்.

"கோட்டூர்புரம்?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

அதன் பிறகு இரண்டு வேலை சொன்னாள். இரண்டும் மந்தைவெளி. இடம், மாடி, நேரம் மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாள். நான் சரி என்கிறேன். கோட்டூர்புரத்துக்காரர்கள் கழுவச் சொல்லும் மாதம் இதுதான். வழக்கமாக முதல் வாரத்திலேயே கூப்பிடுவார்கள். இன்றைக்குப் பன்னிரண்டாம் தேதி. அவர்கள் கூப்பிட்டார்களா, மாமா இறங்கிவிட்டாரா என்று அவளிடம் கேட்க வேண்டும். கேட்பதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.