ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு பத்தி

மீனைத் தொட்டே பார்க்காமல் மூன்று வருஷம் மீன் கணக்குப் பார்த்தவள் நான். எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் கடல் மீன் ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் புள்ளிவிவர உதவியாளர் வேலை. சொந்த ஊர் தாமிரபரணிக் கரையில், வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கிற ஊர். எங்கள் வீட்டில் முட்டைகூட வாசல்படி தாண்டி வந்ததில்லை. நேர்முகத் தேர்வில் சாளை மீனுக்கும் சூடை மீனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுத்துவிட்டால் குழப்பம் வராது என்று பதில் சொன்னேன். அதற்கே வேலை கொடுத்துவிட்டார்கள்.

சேர்ந்த மறுவருஷம் ஃபோர்ட்ரான் படித்துவிட்டு வா என்று மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. நாங்கள் இங்கே தாளில் எழுதுவதை அங்கே அட்டைகளில் துளையாகப் போடுவார்கள். அட்டைகளை மெஷின் விழுங்கி, அட்டவணை அச்சாகி, அது ரயிலேறித் தூத்துக்குடி வந்து சேர ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும். அதற்குள் அந்த மீனைத் தின்றவர்களுக்கே அது மறந்துபோயிருக்கும்.

படித்ததில் எனக்குப் பிடித்துப்போனது லூப். ஒரு வாரத்து மீன் கணக்கை அட்டவணையாக்க வேண்டும் என்று வையுங்கள். திங்களுக்கு ஒரு பத்தி, செவ்வாய்க்கு ஒரு பத்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டளை எழுத வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து ஏழு வரை இதையே திரும்பத் திரும்பச் செய் என்று ஒரு தடவை சொன்னால் போதும், மெஷின் தானே ஏழு பத்தியையும் போட்டுக்கொண்டு போகும். இந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டு வந்து நான் அடித்த ஜம்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்குப் போயிருந்தபோது, இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம், இதற்குப் பேர்தான் லூப் என்று வகுப்பெடுத்தேன்.

“மாவு தீந்துட்டுன்னா உன் லூப்பு என்ன செய்யும்ளா?” என்றாள் அம்மா.

“அதெல்லாம் தீராதும்மா. நிறைய அரைச்சு வச்சிருக்கோம்லா” என்றேன். எனக்கு அப்போது எல்லாமே நிறைய இருந்தது, மூளையைத் தவிர.

கரையில் நின்று, எந்த வள்ளம் எவ்வளவு மீன் கொண்டுவந்தது என்று நாள்தோறும் எழுதி அனுப்புவதற்கு ஒரு கணக்கெடுப்பாளர் உண்டு. மணப்பாட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரன். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். என்னை அக்கா என்பான். நான் சொல்வதையெல்லாம் வாய் பார்த்துக் கேட்பான். அதனாலேயே அவனை எனக்குப் பிடிக்கும். அந்தப் பருவத்தில் அவன் ஊர் வள்ளங்கள் வடக்கே வேறொரு கரையில் போய்த் தங்கிப் பிடித்தன. இவனும் கூடவே போய்த் தங்கி எழுதினான்.

லூப் போட்டு நான் எழுதிய முதல் அட்டவணை மெட்ராஸிலிருந்து வந்தது. மேஜையை விட்டு வழிகிற அகலத்தில் தாள். வரிக்கு ஒரு வள்ளம், நாளுக்கு ஒரு பத்தி, ஏழு பத்தியும் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நேராக நின்றன. எங்கள் அதிகாரி அதைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், “ரொம்ப லட்சணமா இருக்கு” என்றார். அவர் அதற்குமேல் எதையும் படிக்கிறவர் இல்லை. லட்சணம் என்ற சொல்லோடு நான் தரைக்கு ஒரு முழம் மேலே நடக்க ஆரம்பித்தேன்.

அப்படி நடந்தே பஸ் ஏறி, தாளின் ஒரு பிரதியை அந்தக் கடற்கரை ஊருக்கே கொண்டுபோனேன். யாரும் போகச் சொல்லவில்லை. மாதா கோயிலை ஒட்டி மீனவர் சங்கத்துக் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் சுவரில் பசை தடவி ஒட்டினேன். பெண்களும் வயசானவர்களும் கூடிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மனுஷன் கணக்கில் தப்பு வரும், இது மெஷின் போட்டது, மெஷின் பொய் சொல்லாது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தக் கணக்கெடுப்பாளன் ஆபீஸுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

“அக்கா, என் கல்யாணம் நின்னுரும் போல இருக்கு.”

அவனுக்குப் பெண் பார்த்திருந்தது எனக்குத் தெரியும். பெண்ணின் அப்பா அதே ஊரில் ஒரு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். அவர்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மாப்பிள்ளை, பெண் பெயர்களை வாசிப்பார். ஓலை வாசிப்பது என்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் அப்போது எழுந்து சொல்லலாம். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது வருகிற ஞாயிற்றுக்கிழமை.

“மூணாவது ஓலையில நானே எந்திச்சு நின்னு தடை சொல்லுவேன்னு மாமா சொல்லுதாரு. நீங்க ஒட்டுன தாள்ல அவரு வள்ளத்துக்கு ஞாயித்துக்கிழமை மீன் போட்டிருக்குல்லா.”

“போட்டிருந்தா என்ன?” என்றேன். வயல்காட்டுக்காரியின் கேள்வி. நெல்லுக்கு ஞாயிறும் ஒன்றுதான் செவ்வாயும் ஒன்றுதான், முறை வந்தால் மடை திறந்துதான் ஆக வேண்டும்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போக மாட்டோம்க்கா.”

மூன்று வருஷமாக மீன் கணக்குப் பார்க்கிறேன், எனக்கு இது தெரியாது. இத்தனைக்கும் எனக்கே ஞாயிற்றுக்கிழமை லீவு. நான் மட்டும் லீவு எடுத்துக்கொண்டு, கடலுக்கு ஏழு நாளும் வேலை வைத்திருக்கிறேன்.

பெண்ணின் அப்பாதான் ஊரில் எல்லோரையும் ஞாயிறு கடலில் இறங்கக் கூடாது என்று கண்டிக்கிறவராம். எல்லா வள்ளத்துக்கும் அப்படிப் போட்டிருந்தாலும் ஊர் இவர் வரியைத்தான் பார்த்தது. வெளிக்கரையில் தங்கியிருந்தபோது கமுக்கமாக இவரே போய்விட்டார் என்று இப்போது பேசுகிறது. தான் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். மெஷின் பொய் சொல்லாது என்று ஆபீஸ் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அப்படியானால் பொய் எழுதிக் கொடுத்தவன் யார்? மருமகனாக வரப்போகிறவன். அவர் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன்மேல் எரிந்து விழுந்தேன். “மெஷின் தப்பு பண்ணாது தம்பி. நீ என்ன எழுதினே, அதைச் சொல்லு முதல்ல.”

“நான் எழுதவே இல்லக்கா. காத்தடிச்சு, போயும் ஒண்ணும் கிடைக்காத அன்னைக்கு சைபர்னு எழுதுவேன். ஞாயித்துக்கிழமை போகவே இல்லையே, அதுக்கு எதுக்கு எழுதணும்?” கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தி, “ஒருவேளை தூக்கக் கலக்கத்துல எழுதிட்டேனோ?” என்று என்னையே கேட்டான். என் பிரசங்கம் அவனையே அந்த அளவுக்குக் கெடுத்து வைத்திருந்தது.

தாளை விரித்தேன். ஏழாவது பத்தியில் விரலை வைத்து, பக்கத்துச் சனிக்கிழமைப் பத்தியோடு ஒப்பிட்டேன். எந்த வள்ளமானாலும் ஞாயிற்றுக்கிழமை மீன் சனிக்கிழமை மீனேதான், ஒரு கிலோ கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் மெஷின் ஓர் எண்ணைப் படித்து, ஓர் இடத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பத்தியில் எழுத வேண்டும். அடுத்த சுற்று தொடங்கும்போது அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. ஞாயிறுக்கு அட்டையே இல்லாததால், அங்கே மிச்சம் கிடந்த சனிக்கிழமையை எடுத்து அது மறுபடி எழுதிவிட்டது. மாவு தீர்ந்தால் என் லூப் என்ன செய்யும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. போன இட்லியையே இன்னொரு தடவை கணக்கில் சேர்க்கும்.

திருத்துவதற்கு ஒரே ஓர் அட்டை போதும். ஆனால் அது மெட்ராஸ் போய்த் திரும்புவதற்குள் மூன்றாவது ஓலை முடிந்து, கல்யாணமும் நின்று போயிருக்கும். அவன் எழுதிய சீட்டுகளைக் காட்டலாம் என்றால், அதுவும் அவன் கையெழுத்துதானே, யார் நம்புவார்கள்? அதிகாரியிடம் போனேன். அடுத்த அறிக்கையில் சரிசெய்துவிடலாம் என்றார். அடுத்த அறிக்கையா கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினேன்.

பெண்ணின் அப்பா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார், நாற்காலி போடச் சொன்னார். கோபத்திலும் அந்த மரியாதை குறையவில்லை. எனக்கு அதுவே உறுத்தியது.

“தப்பு உங்க மருமகன் மேல இல்ல அண்ணாச்சி. மெஷின் மேல” என்று ஆரம்பித்தேன்.

“மெஷின் பொய் சொல்லாதுன்னு நீங்கதானம்மா சொன்னிய?”

 வாயால் பேசித்தானே இவ்வளவும் வந்தது, செய்து காட்டிவிடுவோம் என்று தோன்றியது. அவர் மனைவியிடம் ஏழு ஓலைப்பெட்டி கேட்டேன். ஆறுதான் இருந்தது. ஏழாவதற்கு ஓர் அலுமினியச் சட்டி கொண்டுவந்தார். திங்கள் முதல் சனி வரை பெட்டிகள், ஞாயிறுக்குச் சட்டி. அன்றைக்கு வாங்கிய சாளை கொஞ்சம் இருந்தது.

“நான்தான் மெஷின். ஒவ்வொரு பெட்டிகிட்டயும் என் கையில மீன் வைங்க. ஞாயிறுகிட்ட மட்டும் வைக்காதீங்க” என்றேன்.

அவர் மனைவி குளிர்ந்த சாளை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். மேலெல்லாம் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு திங்கள் பெட்டியில் போட்டேன். முற்றத்தைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். செவ்வாய், புதன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சனி வரை வந்து, வெற்றியோடு ஞாயிற்றுக்கிழமைச் சட்டி முன்னால் நின்று கையை விரித்தேன். கை காலி. மெஷினுக்குள் எண்ணை எழுதினாலும் அது உள்ளேயும் மிச்சமிருக்கும். மீன் அப்படி இருக்குமா? சனிக்கிழமைப் பெட்டியில் போட்டது அங்கே போய்விட்டது. ஊரைக் கூட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமை மீன் வர வழியே இல்லை, உங்கள் மருமகன் எழுதியிருந்தால்தான் உண்டு என்று நானே நிரூபித்துவிட்டேன்.

“பெறவு?” என்றார் அவர்.

கூட்டத்தோடு நின்றிருந்த கணக்கெடுப்பாளன் வேலியோரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.  பிசுபிசுப்புத் தாங்காமல், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, எதிரில் இருந்த சட்டியின் விளிம்பில் உள்ளங்கையை வழித்தேன். சட்டியெல்லாம் சாளைச் செதில். வெயிலில் பளபளவென்று மின்னியது.

ஒரு நிமிஷம் அதையே பார்த்தேன். “இதான் அண்ணாச்சி. இதேதான். ஞாயித்துக்கிழமை யாரும் மீன் போடல. சனிக்கிழமை கையில ஒட்டினதைக் கழுவாம வந்து இதுல வழிச்சாச்சு. அதை மீனுன்னு எழுதியாச்சு.”

அவர் குனிந்து சட்டியைப் பார்த்தார். விரலால் ஒரு செதிலைத் தொட்டு எடுத்தார். “கை கழுவாதது யாரு? மெஷினா?”

“கழுவச் சொல்லணும், சொன்னா அது கழுவும். நான் சொல்லல. தப்பு என்னுதுதான்.”

முதலில் சிரித்தது அவர் மனைவி. அப்புறம் முற்றமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “இதை என் வீட்டுல சொன்னாப் பத்தாதும்மா. ஊரு பாக்க ஒட்டுனிய. நாளைக்குப் பூசைக்கு வாங்க” என்றார். வேலியோரம் திரும்பி, “ஏலே, எந்தி. அம்மாவுக்குக் கை கழுவத் தண்ணி மோந்து கொடு” என்றார். அவன் ஓடினான்.

மறுநாள் பூசைக்கு முன்பே கொட்டகைச் சுவரிலிருந்த தாளை என் கையாலேயே கிழித்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் சட்டிக் கதையைச் சொன்னேன், எனக்கு முன்னால் அவர்களுக்கே தெரிந்திருந்தது. கோயிலில் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் வாடை போகவில்லை. சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்தார். பெண்ணின் அப்பா அசையாமல் இருந்தார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் முடித்ததும், கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. சாமியாரும் தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

எழுந்து நின்றேன். 

“ஒண்ணும் இல்ல சாமி” என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நான் சரியாகக் கொடுத்த முதல் கணக்கு அது.