பட்டவரே சொல்லவேண்டும்

கம்பு சுழலும்போது எழும் 'விர்ர்...' என்ற ஓசை. கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தின் தகரக் கூரைக்குக் கீழே கேட்டபோது, தலைக்குள்ளேயே சுழல்வது போல இருந்தது.

அப்போது நான் ஒரு பத்திரிகையின் வன்னிச் செய்தியாளன். வெளிநாட்டுச் சிலம்பச் சம்மேளனம் ஒன்றின் நடுவர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் ஏற்றுப் பதிவுசெய்தால், ஜெயபுரத்துச் சிலம்படிக் குழு தன் சொந்தப் பெயரில் சர்வதேசப் போட்டிக்குப் போகலாம். இல்லாவிட்டால் வழமைபோல விருந்தினரை வரவேற்கும் 'கிராமிய நடனம்'.

அன்றைக்கும் நடனம் என்றுதான் அறிவித்தார்கள்.

குழுத்தலைவி செல்வராணி வயல் செய்பவர். நேரே ஏற்பாட்டாளரிடம் போனார்.

"தம்பி, நாங்கள் ஆடிக்காட்ட வரேல்லை. மோத வந்தனாங்கள்."

"அக்கா, மேளகாரருக்கும் சொல்லியாச்சு..."

"அப்ப மேளத்துக்கு நீங்களே ஆடுங்கோவன்."

சிரிப்பு எழுந்தது. நடுவர்கள் இணங்கினார்கள். ஒரே ஒரு மோதல். எதிரே, ஏற்கெனவே பதிவான நகரக் குழுவின் வீராங்கனை. செல்வராணி வென்றால் பதிவு.

ஜெயபுரத்துக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அடி பட்டால் பட்டவரே கம்பைத் தாழ்த்திச் சொல்லவேண்டும். அவர்களுக்கு நடுவர் தேவைப்பட்டதே இல்லை.

கடைசிக் கட்டத்தில் இருவரும் சமம். இனி அடி படுபவர் தோற்பார். கம்போடு கம்பு மோதும் சத்தம் மட்டும்...

எதிராளியின் கம்பு தாழ வந்து செல்வராணியின் கெண்டைக்காலை உரசிப் போனது. நடுவர்களுக்கு அது மறைவு. நாங்கள் நின்ற பக்கத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற அவருடைய தங்கை மலர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சொல்லாதையக்கா... கடவுளே, இவ சொல்லப்போறா..."

செல்வராணி கம்பைத் தாழ்த்தினார்.

"பட்டிட்டுது."

மொழிபெயர்ப்பாளர் சொன்ன பிறகும் நடுவர்களுக்கு நம்பிக்கையில்லை. திரும்பக் கேட்டார்கள். செல்வராணி காலைத் தூக்கிக் காட்டினார்.

பதிவு போனது.

வாசலில் மலர் அழுதுகொண்டே ஏசினார். "ஊரே பாத்துக்கொண்டிருக்கு. இவ பெரிய அரிச்சந்திரன்!"

செல்வராணி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பட்டதை மறைச்சால் பிறகு அது நடனம்தானேடி."

அதன்பிறகு இரண்டு தரம் விண்ணப்பித்தார்கள். போன வருடம் பதிவு கிடைத்தது. ஜெயபுரம் என்ற பெயரோடேயே வெளிநாடு போய்வந்தார்கள். அங்கே பட்டதா இல்லையா என்று சொல்வதெல்லாம் கமெராதான். அதற்குப் பழகவேண்டும் என்று இப்போது பயிற்சித் திடலிலும் இரண்டு நிற்கின்றன.

போன கிழமை போயிருந்தேன். செல்வராணியின் மகள் மோதிக்கொண்டிருந்தாள். ஒரு வீச்சு காலடியில் போனது. பட்டதா, இல்லையா... எனக்குத் தெரியவில்லை.

அவள் நின்று கமெராப் பக்கம் திரும்பினாள்.

வேலியோரம் நின்ற தாயின் குரல் வந்தது.

"அங்க என்ன பாக்கிறாய் பிள்ளை? கால் உன்ரதுதானே?"

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

பிறகு அவளுடைய கம்பு மெல்லத் தாழ்ந்தது.