மழைக்கு ஓடியதும் வேலைதான் என்றவர்

வசந்தா மேடம் போய்விட்டார் என்பதை எனக்கு முதலில் சொன்னது அவர் வீட்டாரும் இல்லை, அலுவலகத்தாரும் இல்லை. நன்னிலம் பக்கத்து அரிசி ஆலை முதலாளி கோவிந்தராஜன். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. "சார், மேடம் போயிட்டாங்க சார்" என்றார். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் கூலி கொடுக்கிறவர்களுக்கு ஒரே மேடம்தான். "சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளியிலதான் வச்சிருக்காங்களாம். கிளம்பி இருங்க, நான் வந்து ஏத்திக்கிறேன்" என்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. இந்த மனிதரை ஒரு காலத்தில் மேடம் கேள்வி கேட்டு மடக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வசந்தா தொழிலாளர் துறையில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலை, ஓட்டல், ஜவுளிக்கடை என்று நுழைந்து, குறைந்தபட்சக் கூலி கொடுக்கிறார்களா, நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பாகக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. அதே சட்டத்தை முதலாளிகளுக்கு எடுத்துச் சொல்லி, அவர்கள் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம். சண்டை முடிந்ததும் "சாப்டீங்களா?" என்று கேட்பார். அதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

திருவிடைமருதூரில் ஒரு ஓட்டல். கூலி விவர அறிவிப்பைத் தமிழில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி. ஓட்டல்காரர் மாட்டித்தான் இருந்தார், உத்தரத்துக்குப் பக்கத்தில், ஒட்டடைக்கு நடுவே. மேடம் அண்ணாந்து பார்த்தார். கோபப்படவே இல்லை. "ஒரு ஏணி கொண்டு வாங்க" என்றார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறியே விட்டார். மேலே நின்றபடி ஒவ்வொரு வரியாக, சமையற்கட்டு வரை கேட்கும்படி உரக்கப் படித்தார். மாவாட்டுகிறவர், இலை எடுக்கிற அம்மா என்று எல்லோரும் வந்து நின்று கேட்டார்கள். ஓட்டல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டேன்.

தீபாவளிச் சமயத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், "ஓவர்டைமுக்குப் பதிலா தினமும் பிரியாணி வாங்கிக் குடுத்தேன் மேடம்" என்று பெருமையாகச் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மேடம் விற்பனைப் பெண்கள் பக்கம் திரும்பி, "பிரியாணி நல்லா இருந்துச்சா?" என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு மேடம்." "அப்ப ஐயாவுக்கு நன்றி சொல்லிடுங்க. ஓவர்டைமையும் வாங்கிக்குங்க." அவ்வளவுதான் பேச்சு. "நல்ல மனசு வேற, கூலி வேற. ரெண்டையும் ஒரே தட்டுல போடாதீங்க" என்று அவர் அடிக்கடி சொல்வார்.

இனி கோவிந்தராஜன் ஆலைக்கு வருகிறேன். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காய வைப்பதும் கிளறிவிடுவதும் பெண்கள் வேலை. ஐந்து மணிக்கு வேலை முடியும். ஆனால் முடிகிற நேரத்தில் வானம் கறுத்தால் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஓடிவந்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, இருட்டிய பிறகு நனைந்துகொண்டே போவார்கள். இதை ஒருவரும் வேலை என்று நினைத்ததில்லை. மழை வந்தால் நெல்லை அள்ளுவது நம் பக்கத்தில் பழக்கம். ரோட்டில் போகிறவர்கூடச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து கை கொடுப்பார், யார் வீட்டு நெல் என்று கேட்கவும் மாட்டார். முதலாளியும் கூலி தர நினைத்ததில்லை, அந்தப் பெண்களும் கேட்க நினைத்ததில்லை.

மேடம் ஆய்வுக்கு வந்த அன்று இது பேச்சுவாக்கில் வெளியே வந்தது. அவர் பேனாவை எடுத்ததும் செல்வி என்ற பெண் பதறிப்போய்விட்டாள். புருஷன் இல்லை, ஒரே பெண் குழந்தை, களத்து வேலைதான் சோறு. "எழுதாதீங்கம்மா, உங்க கால்ல விழுறேன். எழுதினா ஐயா நெல்லு காய வைக்கிற டிரையர் மிஷின் போட்டுடுவாரு. அப்புறம் களம் எதுக்கு, நாங்க எதுக்கு?" என்று அழுதாள். மேடம் பேனாவை மூடினார். அவர் தயங்கி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வானம் இருட்டியது. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. பெண்கள் களத்துக்கு ஓடினார்கள். அடுத்த நிமிடம் பார்த்தால் மேடமும் ஓடுகிறார்! செருப்பு ஒரு பக்கம், கைப்பை ஒரு பக்கம் கிடக்கிறது. அவரும் காவிரிக்கரை விவசாயி வீட்டுப் பெண்தானே, கால் நிற்குமா? நெல்லைத் தள்ளி, தார்ப்பாயை இழுத்து முடித்தபோது எல்லோரும் தெப்பலாக நனைந்திருந்தார்கள்.

கோவிந்தராஜன் துண்டும் டீயுமாக ஓடிவந்தார். "நீங்க எதுக்கு மேடம் இதெல்லாம்? பெரிய உதவி பண்ணினீங்க."

மேடம் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "நான் பண்ணது உதவியா?"

"பின்னே? உதவிதான்."

"சரி. உதவின்னா முடியாதுன்னும் சொல்லலாம். நான் சொல்லியிருந்தா நீங்க ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டீங்க. அடுத்த மழைக்கு செல்வி முடியாதுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போகலாமா?"

கோவிந்தராஜன் டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். செல்வி தரையைப் பார்த்தாள்.

"முடியாதுன்னு சொல்ல வழியில்லேன்னா அது உதவி இல்ல சார், வேலை. வேலைன்னா கூலி. நேரத்துக்கு மேலன்னா இரட்டிப்பு" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையோடு உட்கார்ந்து எழுதினார். வழக்கு வரை போகவில்லை. பேச்சு வார்த்தையிலேயே கோவிந்தராஜன் ஒப்புக்கொண்டார். நான்தான் ஒப்புக்கொள்ளச் சொன்னேன்.

ஆனால் செல்வி பயந்தது நடந்தது. சில வருடங்களில் டிரையர் வந்தது, களத்தில் பாதிப் பேருக்கு வேலை போனது. மூட்டை தைக்கிற இடத்துக்கு மாறியதால் செல்வி தப்பித்தாள். ஆள் கிடைக்காததும் பருவம் தப்பிய மழையும்தான் காரணம் என்று கோவிந்தராஜன் அடித்துச் சொன்னார். மேடம் நம்பவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஃபோன் செய்வார். குறைந்தபட்சக் கூலி உயர்வு, அகவிலைப்படி என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில், "செல்விக்கு வேலை இருக்குல்ல? அன்னைக்கு நான் எழுதினது சரிதானா சார்?" என்பார். "சரிதான் மேடம்" என்பேன். "நீங்க சொல்லி என்ன, அவ சொல்லணும்" என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய கடைசிப் பேச்சிலும் அதையேதான் கேட்டார். பாவி மனுஷி, உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கோவிந்தராஜன் காரில் போனோம். முன் சீட்டில் செல்வி இருந்தாள். மேடத்தை எடுத்த பிறகு திரும்பும் வழியில் டீ குடிக்க நின்றோம். செல்வி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே பேசினாள்.

"அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் சார். அவங்க எழுதினதுக்கு அப்புறம், மழை வந்தா ஐயா முதல்ல யாரெல்லாம் நிக்கிறீங்கன்னு கேட்பாரு. காசு குடுக்கணும்ல, அதனால கேட்பாரு. ஒரு நாள் சாயங்காலம் எம்பொண்ணு ஃபோன்ல அழுவுறா. பெரிய மனுஷி ஆயிட்டா, வீட்டுல தனியா, என்னன்னு தெரியாம பயந்துபோய் இருக்கா. இங்க வானம் கறுத்துக்கிட்டு வருது. ஐயா கேட்டாரு. நான் இன்னைக்கு முடியாதுங்கன்னேன். பொறந்ததுலேருந்து ஒரு முதலாளிகிட்ட நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. போம்மான்னுட்டாரு. ஓடிப் போயி எம்பிள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்."

கோவிந்தராஜன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆமா சார், போகச் சொன்னேன்" என்றார்.

வசந்தா மேடத்தை அறிந்தவர்களே, ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை வைத்திருப்பீர்கள். அவர் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குச் செல்வி சொன்ன பதில் என்னிடம் இருக்கிறது. அது அவருக்கு உரியது. கொடுக்க முடியாமல் வைத்திருக்கிறேன்.