மாற்றாமல் விட்ட இரண்டு எண்கள்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருடம் நடந்தது இது. எனக்கு அப்போது இருபது வயது. வீடு காஜா பெராங்கில், வேலை மலாக்கா டவுனில் ஒரு லாயர் ஆபீஸில். நான்தான் அங்கே டைப்பிஸ்ட். வேகமாக அடிப்பாள், தப்பே வராது என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் காலையில் எங்கள் அடுத்த தெருக்காரரான அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ஒரு கிராணியும் அவர் மனைவியும் ஆபீஸுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், இடுப்பில் பெண் குழந்தையோடு ஒரு சீன அம்மா. அவரை எனக்கு நன்றாகத் தெரியும். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் தோட்டம் போட்டு, கீரையும் காயும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வட்டாரம் முழுக்க விற்பார். அண்ணி என்று கூப்பிடுவது போல அவரை ‘அசோ’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பேச்சு மலாயில் நடக்கும். புருஷன் நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நாலு பிள்ளைகள். இடுப்பில் இருந்தது கடைசி, ஒன்றரை வயது.

கிராணி வீட்டில் பத்து வருடமாகக் குழந்தை இல்லை. அசோவின் அந்தக் கடைசிப் பெண்ணை அவர்கள் எடுத்து வளர்க்கப் போகிறார்கள். அந்தக் காலத்தில் சீனக் குழந்தையைத் தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்ப்பது புதிதில்லை. பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு முடிந்துவிடும். ஆனால் கிராணிக்கு எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

லாயர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். மொத்தம் ஏழு ஷரத்துகள். குழந்தையைச் சீனப் பள்ளியில் போட வேண்டும் என்பது மூன்றாவது. மாதத்தின் முதல் ஞாயிறு அசோ வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்பது நான்காவது. குடும்பம் மலாக்காவை விட்டுப் போனால் புது விலாசத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஐந்தாவது. குழந்தையை அவர் திரும்பக் கேட்கக் கூடாது என்பது ஆறாவது. ஏழாவதுதான் கடைசி: ஊர் மாறிப் போன பிறகும் நான்கு, ஐந்தாம் ஷரத்துகளில் உள்ள உரிமைகள் அசோவுக்குத் தொடரும், வேறு உரிமை எதுவும் இல்லை.

லாயர் எல்லாவற்றையும் மலாயில் விளக்கிச் சொன்னார். அசோ என் பக்கம் திரும்பி, “மிஸி, நான் பார்க்க வர்றது எந்த நம்பர்?” என்று கேட்டார்.

“நாலு.”

முகம் சுருங்கிவிட்டது. சீனர்களுக்கு நாலு ஆகாது. அவர்கள் காதில் அது சாவு என்று விழும்.

சனிக்கிழமை கையெழுத்து. கிராணி வந்ததுமே, மூன்றாவது ஷரத்து வேண்டாம், பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில்தான் போடப் போகிறோம் என்றார். அசோ ரொம்ப நேரம் குழந்தையின் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, “பள்ளிக்கூடம் எதுவா இருந்தா என்ன? நான் பார்த்தா போதும்” என்றார்.

“இப்ப உங்களுது மூணாம் நம்பர் ஆயிடுச்சு” என்று நான் சொன்னதும் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆபீஸ் மூடிவிடும். தோழிகளோடு சினிமாவுக்குப் போவதாக இருந்தேன். ஒரு ஷரத்தை எடுத்தால் எல்லாப் பக்கத்தையும் கார்பன் வைத்துப் புதிதாக அடிக்க வேண்டும், அதுதான் முறை. நான் முதல் பக்கத்தை மட்டும் புதிதாக அடித்தேன். இரண்டாம் பக்கத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டி ஆறை ஐந்தாக்கினேன், ஏழை ஆறாக்கினேன். ஓரத்தில் இருந்த எண்களை மட்டும்தான் பார்த்தேன். கடைசி ஷரத்தின் வரிக்குள்ளே இருந்த ‘நான்கு, ஐந்து’ என் கண்ணில் படவில்லை. லாயர் கண்ணிலும் படவில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அசோ கைநாட்டு வைத்தார். குழந்தை கை மாறியது. அது அழுதபடியே போனது, எனக்கோ படம் ஆரம்பித்துவிடுமே என்ற கவலை.

ஒரு வருடத்துக்கு மேல் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு அசோ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பையில் பிஸ்கட்டோ ஆரஞ்சோ வைத்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போவார். குழந்தை அவரைத் தமிழில் ‘சீனம்மா’ என்று கூப்பிடப் பழகியிருந்தது.

பிறகு கிராணிக்குச் சிரம்பானுக்கு மாற்றலாகிவிட்டது. எழுதிக் கொடுத்தபடி விலாசத்தை அனுப்பியிருந்தார். அந்தக் கடிதத்தை அசோவுக்குப் படித்துச் சொன்னதும் நான்தான். அடுத்த முதல் ஞாயிறு அவர் தனியாகவே பஸ் பிடித்துச் சிரம்பானுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலையில் நான் ஆபீஸைத் திறக்கும்போது அசோ படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அதே பை. ஆரஞ்சுகூட வெளியே எடுக்கவில்லை.

“உள்ளே விடல மிஸி. கதவுகிட்ட நின்னே பேப்பரைக் காட்டினார். இனிமே வரக் கூடாதாம், அதுல எழுதியிருக்காம். நீ படிச்சுச் சொல்லு.”

கோப்பை எடுத்துப் படித்தேன். கடைசி ஷரத்தை விரல் வைத்து இன்னொரு தடவை படித்தேன். ஊர் மாறிய பிறகு நான்கு, ஐந்தாம் ஷரத்துகளின் உரிமை மட்டும். இப்போது நான்கு என்பது விலாசம். ஐந்து என்பது திரும்பக் கேட்கக் கூடாது என்ற தடை. பார்க்கலாம் என்கிற மூன்று அந்த வரியிலேயே இல்லை. பெற்றவளுக்கு மிச்சமிருந்த ஒரே உரிமை விலாசம் தெரிந்துகொள்வது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது வேறு. “லாயர் வரட்டும், கேட்டுச் சொல்றேன். அடுத்த வாரம் வாங்க.”

அடுத்த வாரம் வந்தார். லாயருக்கு வேலை அதிகம் என்றேன். அதற்கடுத்த வாரமும் வந்தார். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், பெயர் கெட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம். மூன்றாவது வாரம் அவர் எதுவுமே கேட்கவில்லை. ஒரு கட்டுக் கீரையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மத்தியானம் லாயரிடம் போய் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. “நானும்தானே படிக்காம விட்டேன்” என்றார். அன்றைக்கே திருத்தம் கேட்டுக் கிராணிக்குக் கடிதம் எழுதினார். இரண்டே வரியில் பதில் வந்தது: கையெழுத்தானது கையெழுத்தானதுதான். கோர்ட்டுக்குப் போகலாமா என்று அசோவிடம் கேட்டார் லாயர். பிள்ளையைக் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டேன் என்று அசோ சொல்லிவிட்டார். அவர் போனதும் லாயர் என்னைக் கூப்பிட்டு, “யாரால வந்ததுன்னு அந்த அம்மாகிட்ட நீயே சொல்லிடு” என்றார்.

நான் லீவு எடுத்து அசோவோடு சிரம்பானுக்குப் போனேன். கிராணி வேலைக்குப் போயிருப்பார் என்றுதான் வாரநாளாகப் பார்த்துப் போனோம். கதவைத் திறந்த அவர் மனைவி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

“அக்கா, அது நான் அடிச்சதுல வந்த தப்பு. அன்னைக்கு என்ன பேசினோம்னு உங்களுக்கே தெரியும்” என்றேன்.

“தெரியும் தங்கச்சி. அவருக்கும் தெரியும்.” அவர் கண் கலங்கிவிட்டது. “பிள்ளை தினமும் சீனம்மா எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒரு மாசமாத்தான் கேக்கறத விட்டிருக்கு. மறுபடியும் ஆரம்பிச்சு வைக்காதீங்க. கும்பிடுறேன்.”

அசோவுக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. குழந்தை கேட்பதை நிறுத்தியது நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மூன்று வாரத்துக்குள்தான். அது தேடிக்கொண்டிருந்தபோதே நான் அசோவைக் கூட்டி வந்திருக்கலாம்.

கடைசியில் அந்த அக்காவுக்கே மனசு கேட்கவில்லை. “தூங்குது. எழுப்பாமப் பார்த்துட்டுப் போகட்டும்” என்று வழி விட்டார்.

குழந்தை பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அசோ பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். தொடவில்லை. பையிலிருந்து ஒரு ஜோடி துணிச் சப்பாத்தை எடுத்து, காலில் படாமல் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சப்பாத்து ஒரு விரல் அளவு சின்னதாக இருந்தது. திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். எழுந்து அந்த அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, “நல்லா வளர்ந்திருக்கு, நல்லா வளர்ந்திருக்கு” என்று மலாயில் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில், வழியில் ரெம்பாவ் ஊரைத் தாண்டியதும் உண்மையைச் சொன்னேன். நம்பரை மாற்றாமல் விட்டது, சினிமா, மூன்று வாரம், எல்லாவற்றையும். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ அந்த நம்பரை மாத்தியிருந்தா, அவர் கதவைத் திறந்திருப்பாரா?”

“திறந்திருப்பார், அசோ.”

தலையை ஆட்டினார். பிறகு எழுந்து, ஓடுகிற பஸ்ஸில் சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து நடந்து, முன்னால் காலியாக இருந்த ஒரு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். மலாக்கா வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு அவர் கீரை கொண்டு வரவில்லை. கிராணிக்கு மறுபடியும் மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார்கள். அசோவுக்கு மிச்சமிருந்த அந்த ஒரே உரிமைப்படி வர வேண்டிய விலாசம்கூட இந்தத் தடவை வரவில்லை.

என் தம்பி மகள் இப்போது ஒரு லாயர் ஆபீஸில் இருக்கிறாள். ஒரு ஷரத்தை நீக்கினால் கம்ப்யூட்டரே மற்ற எண்களையெல்லாம் மாற்றிவிடுவதை எனக்குக் காட்டினாள். “வரிக்குள்ள இருக்கிற நம்பரும் மாறுமா?” என்று கேட்டேன். “மாறும் அத்தை. ஆனா கடைசியா ஒரு தடவை நாமதான் படிச்சுப் பார்க்கணும்” என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

எண்ணை மாற்றாமல் விட்டது அவசரத்தில் நடந்த தப்பு என்று என்னை நானே எத்தனையோ முறை மன்னித்துவிட்டேன், ஆனால் ஒரு குழந்தை தன் தாயைக் கேட்பதை நிறுத்திய அந்த நாட்களில் நான் பேசாமல் இருந்ததற்கு இன்றுவரை எனக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை.