கதிரவன் கட்சிக்குப் பேசியவள்

எழில்மொழிக்கு மைக் எதற்கு என்று குடவாசல் பக்கத்தில் கேலி பேசுவார்கள். தனியார் பள்ளியில் தமிழாசிரியை. பங்குனி பிறந்துவிட்டால் திருவிழா மேடைகளில் பட்டிமன்றப் பேச்சாளர். எந்தக் கட்சிக்குப் பேச வேண்டும் என்பதை நடுவர் இராஜாங்கம் போனில் சொல்வார். "எழிலு, இந்தத் தடவ நீ மாமியார் கட்சிம்மா" என்பார். "சரிங்கய்யா" என்பாள். கீழ்வேளூரில் மாமியாருக்காகக் கண் கலங்கிவிட்டு, அதே வாரம் திருக்காட்டுப்பள்ளியில் மருமகளுக்காக மேசையைத் தட்டியிருக்கிறாள். உன் மனசில் இருப்பது எது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பட்டிமன்றம் என்றால் அப்படித்தான். பேசுகிறவர்களுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். தெரியும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவி மகள்.

அந்தச் சித்திரையில் சொந்த ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கே கூப்பிட்டார்கள். தலைப்பு புதுசு: நாளைய தமிழகத்துக்கு விளக்கேற்றப் போவது அணுவா, காற்றா, கதிரவனா? பந்தல் செலவு முழுவதையும் ஒரு சோலார் கம்பெனி ஏற்றுக்கொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் நீலப் பலகைகள் வரிசையாக நிற்கும் பெரிய பேனர். எழில்மொழி அதைப் பார்த்தாள். நல்ல கலர் என்று நினைத்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அணுவுக்குப் பேசிய நெடுமாறன் எடுத்த எடுப்பிலேயே சூடாக ஆரம்பித்தார். "மேகம் மறைச்சா வெயிலு போச்சு. காத்து நின்னா காத்தாடி போச்சு. ராப்பகலா நிக்காம ஓடுறது அணு உலை ஒண்ணுதாங்க! எடமும் கொஞ்சம் போதும்!"

காற்றாலைக் கட்சி ஷமீரா விடுவாளா? "எடம் கொஞ்சம் போதும், ஒத்துக்கறேன். மிஞ்சுற கழிவ எங்கண்ணே வைப்பீங்க, உங்க வீட்டுக் கொல்லையிலயா? காத்தாடிக்குக் கீழ ஆடு மேயலாம், கடலை போடலாம். உங்க உலைக்குப் பக்கத்துல ஒரு கோழியாவது மேயுமா?" கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

கடைசியாக எழில்மொழி எழுந்தாள். "நெல்லு வெளையணும்னா மேட்டூரத் தெறக்கணும். அதுக்கு மேல இருக்கறவங்க மனசு வைக்கணும், மழை மனசு வைக்கணும். சூரியனத் தெறக்க யாருங்க வரணும்? தெனம் காலையில தானே தெறந்துக்குது! தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே மாதிரி பாயுறது உலகத்துல ஒண்ணு உண்டுன்னா, அது வெயிலுதாங்க!"

விசில் பறந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா அம்சம் உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். தீர்ப்பு கதிரவனுக்கே. கம்பெனிக்காரர் பொன்னாடை போர்த்தினார். கூட வந்தவன் ஒருவன் அவள் பேச்சை ஆரம்பத்திலிருந்தே போனில் பிடித்துக்கொண்டிருந்தான்.

அம்சம் ஏன் அப்படித் தட்டினாள் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு இருப்பது மூன்று மா நிலம், ஒரு ஏக்கர். புருஷன் வைரக்கண்ணுவும் அவளும் காலமெல்லாம் பிறர் வயலில் நட்டு, அறுத்துச் சேர்த்து வாங்கியது. வைரக்கண்ணு போய்விட்டார், நிலம் இருக்கிறது. ஆனால் அது கடைசி வயல். தனி வாய்க்கால் கிடையாது. மேல்வயல் நிரம்பி, வரப்பில் வெட்டிய வாமடை வழியாக அடுத்த வயலுக்கு வந்து, அங்கிருந்துதான் இவளுக்குத் தண்ணீர் பாயும். இதை யாரும் யாரிடமும் எழுதி வாங்கியதில்லை. மேலே இருப்பவன் வாமடையை அடைக்க மாட்டான். தலைமுறையாக அதுதான் அங்கே சட்டம். போர் போடலாமே என்றால், அந்தப் பக்கம் போட்டவர்களுக்கெல்லாம் உப்புத் தண்ணீர்தான் வந்தது.

வைகாசியில் லாரிகள் வந்தன. அம்சத்தின் வயலுக்கு மேலே இனியவன் வயல். அதில் செம்மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். வாமடை இருந்த இடம் எது என்றே தெரியவில்லை. எழில்மொழி பதறிக்கொண்டு இனியவன் வீட்டுக்கு ஓடினாள்.

"என்னண்ணே இது? கம்பெனிக்கு முப்பது வருஷக் குத்தகைக்கா குடுத்துட்டீங்க? அம்மா வயலுக்குத் தண்ணி எப்படிண்ணே வரும்?"

இனியவன் அவளை வினோதமாகப் பார்த்தான். "நீ சொல்லித்தானே எழிலு குடுத்தேன்?"

"நானா?"

"கம்பெனிக்காரங்க வந்தாங்க. யோசிக்கணும்னு சொன்னேன். உடனே நீ பேசுனத போன்ல போட்டுக் காட்டுனாங்க. சூரியன் தானே தெறந்துக்கும்னு சொன்னியே. படிச்ச புள்ள, நம்ம தெருப் புள்ள, பொய்யா சொல்லிடும்னு அடுத்த நாளே கையெழுத்துப் போட்டேன். நான் மட்டுமில்ல, மேல இருக்கறவங்க எல்லாருந்தான்."

"அண்ணே, அது பட்டிமன்றம்ண்ணே! குடுத்த கட்சிக்குப் பேசுறது."

"அப்ப மேடையில ஒண்ணு, வீட்டுல ஒண்ணா?" என்றான் இனியவன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

ஆடியில் ஆற்றில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. அம்சம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வயலில் நின்றாள். செம்மண் மேட்டுக்கு அந்தப் பக்கமே தண்ணீர் நின்றுவிட்டது. கம்பெனிக் கொட்டகைக்குப் போய்க் கேட்டாள். சைட் என்ஜினீயர் நல்ல பிள்ளை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "வரைபடத்துல இங்க வாய்க்காலே இல்லீங்களேம்மா" என்று காட்டினார். பிறகு யார் என்று விசாரித்ததும் முகம் மலர்ந்து, "அன்னிக்குப் பேசுனது உங்க பொண்ணுங்களா? எங்க கம்பெனியில எல்லாருமே பாத்துட்டாங்க" என்றார். அம்சம் நாற்காலியில் உட்காராமலேயே திரும்பி வந்தாள்.

இனி ஒரே வழி, சுதந்திர தினத்துக் கிராம சபை. சம்பாவுக்கு விதை விடும் காலம். சாக்கில் விதைநெல் காத்துக்கிடந்தது. எழில்மொழி எழுந்து நின்றாள். தூணைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை மேடை ஏறியவள்!

"நான் சூரியனுக்கு விரோதி இல்லீங்க. கரண்ட் வேணும். பள்ளிக்கூடத்துக் கூரையில வைங்க, கல்யாண மண்டபத்து மேல வைங்க. தண்ணி போற தடத்துல மண்ணடிச்சு வைக்காதீங்க. இன்னிக்கு எங்கம்மா வயலு. நாளைக்கு அதுக்குப் பக்கத்து வயலு. மழை பேஞ்சா வடியவும் வழியில்லாம தெருவே முழுகும். வாமடைய மட்டும் விடச் சொல்லித் தீர்மானம் போடுங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்." நிஜமாகவே அழுதாள்.

உடனே கைதட்டல், கூரைத் தகரம் அதிரும்படி! "பலே, கோயில்ல பேசுனத விட இது டாப்பு!" என்று ஒருவர் கத்தினார்.

இனியவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். "அன்னிக்கு அந்தக் கட்சி, இன்னிக்கு இந்தக் கட்சி. எழிலு எந்தக் கட்சிக்குப் பேசுனாலும் ஜெயிச்சிடும்ப்பா!"

"இது நெசம்ண்ணே. நெசமாத்தான் சொல்றேன்."

"அன்னிக்கும் இப்படித்தானே சொன்னே?"

மறுபடி சிரிப்பு. தலைவரும் சிரித்தார். தீர்மானம் எதுவும் போடவில்லை. அடுத்து எரியாத தெருவிளக்குகளைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். அவ்வளவு கூட்டத்திலும் கைதட்டாதவள் அம்சம் ஒருத்திதான்.

வீடு திரும்பும் வழியில் போன் அடித்தது. இராஜாங்கம். "அடுத்த வாரம் குடவாசல்லம்மா. அதே தலைப்பு, அதே கட்சி. நீதான் வேணுங்கறாங்க."

"நான் வரலீங்கய்யா. இனிமே அந்தப் பேச்சப் பேச மாட்டேன்."

"அப்படியா?" அவர் சற்று யோசித்தார். "வரலைன்னாலும் பரவால்லம்மா. நீ அன்னிக்குப் பேசுனதையே ஸ்கிரீன்ல போட்டுக்கறாங்களாம். அடுத்தடுத்த ஊருக்கும் அதுவே போதும்னாங்க."

அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள். அம்சம் முன்னால் போய்க் கதவைத் திறந்தாள். மூலையில் இருந்த சாக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எழிலு, அந்த வெதநெல்ல நாளைக்கு மில்லுக்கு அனுப்பிடு."

"அம்மா..."

"திங்கவாவது ஆவும்ல."

பட்டினி கிடந்த வருஷத்தில்கூட அம்சம் விதைநெல்லைச் சோறாக்கியதில்லை. மறுநாள் காலை எழில்மொழியே அந்தச் சாக்கை ஸ்கூட்டியில் வைத்து மில்லுக்கு எடுத்துப் போனாள்.